கொள்ளேகாலுக்கு ஆங்கிலத்தில் கால் கொடுப்பது எப்படி?

இந்த வழிகாட்டி மூன்று பேருக்கானது. பஸ் டிக்கெட் எடுக்க ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, அப்படி ஓர் ஊரே இல்லை என்று திரை சொல்வதைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருப்பவர் ஒருவர். பட்டுக்கடைக்குப் புது போர்டு வைக்க நினைக்கும் முதலாளி ஒருவர். 'பிறந்த ஊர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் தப்பிக்க வழியில்லாத பாஸ்போர்ட் விண்ணப்பதாரர் ஒருவர். மற்றவர்கள் தத்தம் ஊர்ப் பெயரைப் பொருத்திப் படித்துக்கொள்ளலாம். செய்கூலி வேறாக இருக்கலாம், சேதாரம் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

தேவையான பொருள்கள்: ஊர்ப் பெயர் ஒன்று. கொள்ளேகால். பிரித்து அடுக்கினால் ஒற்றைக் கொம்பு ஒன்று, இரட்டைக் கொம்பு ஒன்று, துணைக்கால் இரண்டு, புள்ளி இரண்டு. முதலில் வரும் ஒ குறில். நடுவில் வரும் ஏ நெடில். கடைசியில் வரும் ஆ நெடில். இத்தனையையும் கொண்டுபோய் ஆங்கிலத்தின் வாசலில் இறக்கினால், அங்கே உயிருக்கென்று இருப்பவை ஐந்தே எழுத்து. வாயில் இருபது உயிரொலியை வைத்துக்கொண்டு பேனாவில் ஐந்தை வைத்துக் குடும்பம் நடத்தும் மொழி அது. கே, ஓ, எல், எல், ஈ, ஜி, ஏ, எல் என்று எட்டு எழுத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, கொம்பையும் காலையும் அங்கேயே கழற்றி வைக்கச் சொல்லிவிடுவார்கள்.

ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: கோவையிலிருந்து கிளம்பினால் சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சாமராஜநகர் வழியாகப் போகவேண்டும். மேட்டூர்ப் பக்கத்துக்காரர்கள் பாலாறு, மாதேஸ்வரன் மலை என்று போவார்கள். 1956 அக்டோபர் 31 இரவு வரை இது கோயமுத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. மறுநாள் விடிந்தபோது மைசூர் மாநிலம், மைசூர் மாவட்டம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனதும் அதனோடு சேர்ந்துகொண்டது. விலாசத்தில் மைசூரை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் உண்டு. இருந்த இடத்தை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த ஊர். அந்த எட்டு எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

படி ஒன்று. போர்டில் இருப்பதை, ஊரைக் கேள்விப்படாத ஓர் ஆங்கிலேயர் எப்படிப் படிப்பார் என்று பாருங்கள்.

தொடக்கம் நன்றாகவே இருக்கும். மெய்யெழுத்து இரட்டித்தால் அதற்கு முன்னால் நிற்கும் உயிர் குறில் என்பது அவர்களுடைய பள்ளிக்கூட விதி. இரண்டு என் போட்டால் டின்னர், ஒரு என் போட்டால் டைனர். நம் ஊரில் இரண்டு எல் இருப்பதால் 'கொ' குறிலாகவே வந்துவிடும். இந்த வழிகாட்டியில் சரியாக நடக்கப்போகும் காரியம் இது ஒன்றுதான், ஆகவே ஒரு நிமிடம் மகிழ்ந்துகொள்ளுங்கள். பிறகு அவர் கண் அடுத்த எழுத்துகளுக்குப் போகும். எல், ஈ, ஜி, ஏ, எல். இதை அவர் ஆயிரம் முறை படித்திருக்கிறார். லீகல்! பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊர், ஒரே மூச்சில் வக்கீல் ஆபீஸ் ஆகிவிட்டது. அரைகுறைத் தமிழ் தெரிந்தவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முன்னால் 'கொல்', பின்னால் 'லீகல்'. கொன்றாலும் சட்டப்படி செல்லும் என்று அறிவிக்கும் ஊருக்குள் யார் இறங்குவார்?

(ள போய் ல ஆனதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. ஒரு வழிகாட்டிக்கு ஒரு துக்கம் போதும்.)

படி இரண்டு. 'நெடில்' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் சொல்வதை அல்ல.

நம் கணக்கு நேரக் கணக்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம். தொல்காப்பியர் அளவுகோலை நம் விரலிலேயே கட்டிவிட்டுப் போனதால் வேறு கருவி வேண்டியதில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு. அங்கே ஓர் எழுத்து தன் பெயரைத் தானே சொன்னால் நெடில். ஏ என்ற எழுத்து 'ஏ' என்றே ஒலித்தால் நெடில். ஐ என்ற எழுத்து 'ஐ' என்றே ஒலித்தால் நெடில். சொல்லாமல் வேறு எதையாவது முனகினால் குறில். விரல் நொடிப்பதற்கு அங்கே வேலையில்லை.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். பி, ஏ, ஜி என்று எழுதினால் பை, விதிப்படி குறில். பி, ஈ, ஏ, கே என்று எழுதினால் பறவையின் அலகு, விதிப்படி நெடில். ஆங்கிலேயர் வாயில் இரண்டையும் கேட்டால் பையின் குறில் அலகின் நெடிலுக்குக் குறையாமல், சில சமயம் அதையும் மிஞ்சி நீளும். பின்னால் வரும் 'க்' வல்லொலி உயிரைக் கத்தரித்துவிடுகிறது. 'க்' மெல்லென்று அதிர்ந்தால் உயிர் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்கிறது. இதை எழுதும்போதே ஒரு கஷ்டம் தெரிகிறது: அந்த இரண்டு ஒலிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே க். அண்டை வீட்டு ஓட்டையைப் பார்க்கும்போது நம் கூரையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

அவர்களுடைய குறில் 'ஏ' நம் வாய்க்குள் வந்ததும் என்ன ஆகிறது என்பது தனிக் கதை. நம்மிடம் அந்த ஒலி இல்லை. எனவே கேப், மேப், டேங்க், பேங்க் என்று எல்லாவற்றையும் நெடிலாக்கி, இரண்டு மாத்திரை கொடுத்து உபசரிக்கிறோம். எம், ஏ, டி என்றால் பாய். அதற்குப் பின்னால் ஓர் ஈ சேர்த்தால் கூட்டாளி. தமிழில் இரண்டும் மேட்தான். 'பேக்' என்று ஒருவர் சொன்னால் பையா, முதுகா, அடுப்பில் கேக் வேகிறதா என்று அவர் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். ஆபீஸ் என்ற சொல்லில் அவர்கள் வைத்த குறிலை நாம் நெடிலாக்கினோம். ஹோட்டலில் அவர்கள் அழுத்திய இரண்டாம் அசையை நாம் ஓட்டலில் விழுங்கினோம். கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் நடந்திருக்கிறது.

ஆங்கில நெடிலின் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை இங்கிலாந்தின் நெடில்கள் நாற்காலி விளையாட்டு ஆடின. ஆ எழுந்து போய் ஏ இருந்த பக்கம் உட்கார்ந்தது. ஏ போய் ஈயின் இடத்தில் உட்கார்ந்தது. இடம் இழந்த ஈ, ஐ ஆனது. இந்தப் பக்கம் ஓ போய் ஊவில் உட்கார, ஊ எழுந்து அவ் ஆனது. டென்மார்க்கின் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் 'பெரும் உயிர்ப் பெயர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் திறந்துவிட்டார். அச்சுக்குப் போன எழுத்து பழைய நாற்காலியிலேயே நின்றுவிட்டது. ஒலி மட்டும் இடம் மாறிக்கொண்டே போயிற்று. அதற்குப் பிறகு அந்த நாட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தால் மட்டும் போதவில்லை, பலவற்றை மனப்பாடமும் செய்யவேண்டியிருக்கிறது.

படி மூன்று. வாலில் ஓர் ஈயை உட்காரவையுங்கள்.

முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்கள் எல்லாம் சொல்லும் உபாயம் இது. கடைசியில் வரும் ஈ தான் ஒலிக்காது. ஆனால் முன்னால் இருக்கும் உயிரை நெடிலாக்கிவிடும். எச், ஓ, பி என்றால் நொண்டியடிப்பது. ஓர் ஈ சேர்த்தால் நம்பிக்கை. அருமையான விதி. ஹேவ், கிவ், லவ், கம், சம், டன் ஆகியவற்றைத் தவிர. இவற்றிலும் வாலில் ஈ உண்டு, நெடில் கிடையாது. வி என்ற எழுத்தைச் சொல்லின் கடைசியில் அம்போவென்று விடுவது ஆங்கிலத்தில் வழக்கமில்லை என்பதால் பாதி இடங்களில் அந்த ஈ வெறும் துணைக்கு வந்தது. எல், ஐ, வி, ஈ என்று எழுதிவிட்டு 'லிவ்' என்று படித்தால் வாழ்வது. 'லைவ்' என்று படித்தால் நேரலை. இரண்டில் எது என்று சொல்லும் பொறுப்பை ஈ ஏற்பதில்லை.

ஆனாலும் முயன்று பார்ப்போம். ஊர்ப் பெயருக்குக் கடைசியில் ஓர் ஈ. இப்போது ஜி, ஏ, எல், ஈ: 'கேல்'. ஆங்கிலத்தில் புயல்காற்று. ஆ வேண்டும் என்று கேட்டோம், ஏ கிடைத்தது, கூடவே வானிலை எச்சரிக்கையும். ஈயை விரட்டிவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி நான்கு. உயிரெழுத்தை இரட்டியுங்கள்.

எல்லாத் தமிழருக்கும் இயல்பாகத் தோன்றும் வழி இதுதான். நெடில் என்றால் இரண்டு மாத்திரை, ஆகவே எழுத்தும் இரண்டு. ஆ வேண்டுமா, ஏ இரண்டு. சரி. ஏ வேண்டுமா, ஈ இரண்டு. இங்கேதான் வண்டி குடை சாய்கிறது. இரட்டை ஈயை ஆங்கிலம் ஏற்கனவே 'ஈ' ஒலிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டது. இரட்டை ஓவை 'ஊ' ஒலிக்கு விட்டுவிட்டது. ஆக, ஆங்கில எழுத்தில் தமிழின் ஏயும் ஓவும் வீடற்ற நெடில்கள். சந்தேகம் இருப்பவர்கள் தமிழ்நாடு அரசைக் கேட்கலாம்.

2020 ஜூனில் நடந்தது. தமிழ்நாட்டின் 1,018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுதவேண்டும் என்று ஓர் அரசாணை வெளிவந்தது. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. வேலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு இரண்டு எல் போட்டு, வாலில் ஓர் ஈயையும் ஒட்டி, 'வெல்லோர்' என்று ஆக்கிவைத்திருந்தார்கள். யார் வெல்லோர், யார் தோற்றோர் என்று கேட்க வைக்கும் எழுத்து. இதைத் திருத்தப் புறப்பட்டவர்கள் ஓர் எல்லை நீக்கினார்கள், வால் ஈயைப் பிடுங்கினார்கள், வே நெடில் ஆயிற்றே என்று அந்த ஈயை முன்னால் கொண்டுவந்து இரட்டித்தார்கள், ஊருக்கு ஓவை இரட்டித்தார்கள். விளைவு, உலகம் முழுவதும் படிக்கிறபடி, வீலூர். கோட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பேர்போன ஊர் சைக்கிள் கம்பெனி ஆகிவிட்டது. கோயம்புத்தூருக்கு இரண்டு டியும் இரண்டு எச்சும் சேர்ந்து, ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து நீண்ட ஒரு சொல் கிடைத்தது. ஊர் சிரித்தது. ஒரு வாரம் போல ஓடிய பிறகு ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அன்று சிரித்தவர்களில் ஒருவரும் அரசின் பக்கத்து நியாயத்தைச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஆணை தவறானது அல்ல, அறுநூறு ஆண்டு தாமதமாக வந்தது. நாற்காலி விளையாட்டு தொடங்குவதற்கு முன்னால் இரட்டை ஈ என்றால் இங்கிலாந்திலும் 'ஏ'தான். இரட்டை ஓ என்றால் 'ஓ'தான். 1400இல் இறந்த கவிஞர் சாசர், பாதங்களை 'ஃபேட்' என்றும் வாத்தினத்துப் பெரிய பறவையை 'கோஸ்' என்றும் சொன்ன தலைமுறை. நம் அரசாணையை அவர் கையில் கொடுத்திருந்தால் முதல் பாதியைத் தடுமாறாமல் 'வே' என்று படித்திருப்பார். பின்பாதியில்தான் சிக்கல், இரட்டை ஓவைப் பார்த்து 'வேலோர்' என்றிருப்பார், வெள்ளைக்காரர்கள் வைத்த பெயருக்குப் பக்கத்து வீட்டில் வந்து நின்றிருப்போம்.

கொள்ளேகாலுக்கு அந்தச் சிக்கலும் இல்லை, பெயரில் ஊ கிடையாது. ஈ இரண்டு, ஏ இரண்டு போட்டு எழுதினால் சாசர் கொல்லேகால் என்றே படிப்பார். ளகரம் ஒன்றைத் தவிர ஒரு மாத்திரைகூடப் பிசகாது. எனவே 1390ஆம் ஆண்டு டிக்கெட் எடுப்பவர்கள் இந்த முறையைத் தயங்காமல் பின்பற்றலாம். இன்று எடுப்பவர்களுக்குக் 'கொல்லீகால்' கிடைக்கும். படி ஒன்றின் வக்கீல் மறுபடி எட்டிப் பார்ப்பார்.

கர்நாடகம் இதில் கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொண்டது. 2014 நவம்பர் 1 அன்று ஆயிரம் ஊரில் கை வைக்காமல், பன்னிரண்டு நகரங்களின் ஆங்கில எழுத்தை மட்டும் மாற்றினார்கள். மைசூரு, பெங்களூரு, மங்களூரு என்று கடைசியில் ஒரு யு சேர்ந்தது. கன்னடச் சொல் உயிரில்தான் முடிய விரும்பும், அது வாசலில் வந்து நிற்கும் மெல்லிய உகரம். ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் அதைப் பார்த்ததும் 'ரூ' என்று இழுத்து, குறிலுக்கு நெடில் கட்டணம் வசூலித்துவிடுகிறார். கொள்ளேகால் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் கன்னட ஒலிப்புப்படி கடைசியில் ஓர் ஏ சேர்ந்து கொள்ளேகால என்று ஆகியிருக்கும். அதைப் பார்த்த தமிழர்கள் 'கொள்ளேகாலா?' என்று கேள்வியாகப் படித்திருப்பார்கள்.

படி ஐந்து. எச்சோ கூடுதல் ஏயோ சேருங்கள். இதற்கு நியூமராலஜிக்காரரின் உதவி தேவைப்படலாம். ஆங்கிலத்தில் தமிழ் நெடிலுக்காக மெனக்கெடும் ஒரே துறை இன்று அதுதான். ராஜா என்று பெயர் வைத்தவருக்கு ஒவ்வோர் ஆவுக்கும் இரண்டு ஏ வாங்கிக் கொடுத்தவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்ல. கூட்டுத்தொகை ஐந்தா ஆறா என்று பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்றாலும், கொடுத்தார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளின் வரி விளம்பரப் பக்கங்களில் 'கொள்ளேகால் மாந்திரீகம்' நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. பிரிந்தவர் சேருவது, எதிரி ஒடுங்குவது போன்ற வாக்குறுதிகளைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த விளம்பரங்களில் ஊர்ப் பெயரின் கொம்பும் காலும் இடம் மாறி அச்சாகி நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு விலாசம் முக்கியம்.

படி ஆறு. எழுத்தின் தலையில் கோடு போடுங்கள். அறிஞர்கள் செய்வது இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் வில்சன் ஹன்டர் பெயரால் வந்த முறையில் ஆ, ஈ, ஊ மூன்றுக்கும் கோடு உண்டு. ஏ, ஓ இரண்டுக்கும் கிடையாது. வடக்கே எழுத்தில் அவை எப்போதும் நெடில் என்பதால் தேவைப்படவில்லை. தெற்கே குறிலும் உண்டு என்பதை அந்த முறை கண்டுகொள்ளவில்லை. பிற்காலத்து முறைகள் அவற்றுக்கும் கோடு கொடுத்திருக்கின்றன. போர்டு எழுதுபவரிடம் சொல்லிப் பாருங்கள். பெயின்ட் சொட்டிவிட்டது என்று நினைத்து, மறுநாள் யாராவது துணியால் துடைத்து வைத்திருப்பார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, தமிழுக்கு இந்த வியாதி கிடையாது என்று மீசையை முறுக்கவேண்டாம். ஓலைச்சுவடிக் காலத்தில் கெ, கே இரண்டுக்கும் ஒரே கொம்பு. கொ, கோ இரண்டுக்கும் ஒரே வேடம். குறிலுக்கு மேலே புள்ளி வைக்கவேண்டும் என்று இலக்கணம் சொல்லிற்று. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும், ஆகவே எழுதியவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிப்பவர் இடம் பார்த்து, எதுகை பார்த்து, குறிலா நெடிலா என்று முடிவு செய்துகொண்டார். கொம்பை மேலே சுழித்து இரட்டைக் கொம்பு ஆக்கி, ஏகாரத்தையும் ஓகாரத்தையும் கண்ணுக்குத் தெரிய வைத்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, 1747இல் மறைந்தவர். கொள்ளேகாலின் 'ளே'யில் இன்று நாம் போடும் அந்தச் சுழி அவர் கைவேலை. அவரே தம் கண்டத்துக்குத் திரும்பி ஆங்கிலத்துக்கும் ஒரு சுழி போட்டுக் கொடுத்திருக்கலாம். பெர்னாட் ஷா பின்னாளில் உயிலில் பணம் எழுதிவைத்து ஆங்கிலத்துக்குப் புது நெடுங்கணக்கே செய்ய வைத்தார். 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அந்த எழுத்தில் அச்சாகியும் வந்தது. வாங்கிப் படித்தவர்கள் பழைய எழுத்திலேயே கடிதம் போட்டுப் பாராட்டியிருப்பார்கள்.

இனி, நடைமுறைக்கு. பஸ் ஏறுபவர்கள் போர்டைப் படிக்கவேண்டாம். கண்டக்டர் கூவுவதைக் கேளுங்கள். 'கொள்ளேகாலா, கொள்ளேகாலா' என்று அவர் இழுப்பதில் ஒ குறில், ஏ நெடில், ஆ நெடில் எல்லாம் இருக்கும். கடைசி நீட்டம் கூப்பிடுவதற்காகப் போட்டது, அதற்குத் தனி டிக்கெட் இல்லை. கடை முதலாளி ஆங்கிலத்தைச் சின்னதாகவும் கன்னடத்தைப் பெரிதாகவும் போட்டு, ஓரத்தில் தமிழையும் சேர்த்தால் திம்பம் ஏறி வரும் கல்யாண வீட்டார் கண்ணில் படும். பாஸ்போர்ட்காரர் பழைய சான்றிதழில் உள்ள எட்டு எழுத்தைப் பார்த்து அப்படியே எழுதவும். திருத்தம் செய்யத் தோன்றினால் வீலூரை நினைத்துக்கொள்ளவும்.

பார்சல் அனுப்புபவர்கள் பெயரை எப்படி வேண்டுமானாலும் எழுதிவிட்டு, பக்கத்தில் 571440 என்ற பின்கோடைப் போட்டால் போய்ச் சேரும். இலக்கத்தில் குறில் நெடில் கிடையாது. ஆனால் எண்ணாகவே எழுதுங்கள், எழுத்தால் எழுதவேண்டாம். அந்த ஆறு இலக்கத்தில் ஓர் ஒன்று இருக்கிறது. ஓ, என், ஈ என்று எழுதி 'வன்' என்று படிக்கவேண்டிய சொல் அது. தெரியாமல் எழுதத் தொடங்கிவிட்டவர்கள் படி மூன்றுக்குத் திரும்பவும்.